வார்டில் தினமும் பார்ப்பதை ஆய்வாக எழுத: எந்த வழி யாருக்கு?

"சார், இதை எங்கேயாவது எழுதலாமா?"

இளம் டாக்டர்கள் என்னிடம் இப்படிக் கேட்கும்போது பெரும்பாலும் கையில் போன் இருக்கும், போனில் ஒரு படம் இருக்கும். புத்தகத்தில் மட்டுமே படித்த ஒரு தோல் தடிப்பு, அல்லது யாரும் எதிர்பார்க்காத ஓர் எக்ஸ்ரே. அந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதே டாக்டர் முந்தைய இரவு டூட்டியில் மூன்று பாம்புக்கடி நோயாளிகளைப் பார்த்திருப்பார். அவர்களைப் பற்றி எழுதலாமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது எப்போதும் வருவதுதானே, அதில் எழுத என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

எனக்கு அந்த நினைப்பில் உடன்பாடு இல்லை. மருத்துவக் கல்லூரியில் இல்லாத ஒரு டாக்டரின் உண்மையான சொத்து அந்த மூன்று பேர்தான். அவர்களை வைத்து என்ன எழுதலாம், எந்த வழியில் எழுதலாம், ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு நேரம் போகும், எங்கே கால் இடறும் என்று இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நான் மாவட்ட அளவிலான ஓர் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்ப்பவன். ஆகவே உதாரணங்கள் பெரும்பாலும் பாம்புக்கடியிலிருந்து வரும். உங்கள் இடத்தில் அது சர்க்கரை நோயாளியின் கால் புண்ணாக இருக்கலாம், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்காக இருக்கலாம்.

முதலில் ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிரத்தின் ராய்காட் மாவட்டத்தில் மகாட் என்று ஓர் ஊர். அந்தப் பக்கத்தில் கிராமத்து டாக்டராக வேலை பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கொட்டி வந்தவர்கள் நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோவதைப் பார்த்தார். 1982-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அவர் எழுதியது படுக்கையருகே உட்கார்ந்து கவனித்த அறிகுறிகளைத்தான். வாந்தி, கொட்டும் வியர்வை, சில்லிட்ட கை கால் என்று வரிசையாக வந்தால் அடுத்து இதயம் பாதிக்கப்படப்போகிறது என்பது அதன் சாரம். 1986-ல் அதே லான்செட்டில், மனைவி பிரமோதினியோடு சேர்ந்து, பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைத் தேள்கடிக்குக் கொடுத்த அனுபவத்தை எழுதினார். 2011-ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டன் மருத்துவ இதழில் வந்தது முறையான ஒப்பீட்டுச் சோதனை. 70 நோயாளிகளில் பாதிப்பேருக்குப் பிரசோசின் மட்டும், மறுபாதிக்குப் பிரசோசினோடு தேள்விஷ முறிவு மருந்தும் கொடுத்தார்கள். இரண்டும் பெற்றவர்கள் சராசரியாக 8 மணி நேரத்தில் தேறினார்கள். பிரசோசின் மட்டும் பெற்றவர்களுக்கு ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஏறக்குறைய முப்பது வருடம், அதே தேள், அதே வட்டாரம், மூன்று வகை எழுத்து. இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கவனித்தது முதலில் வந்தது. பிறகு சிகிச்சை கொடுத்த அனுபவம். ஒப்பீட்டுச் சோதனை கடைசியில். எடுத்த எடுப்பில் சோதனையில் இறங்கியிருந்தால் எதை அளப்பது என்றே தெரிந்திருக்காது.

ஒரே ஒரு நோயாளி

கேஸ் ரிப்போர்ட்டை, அதாவது ஓரிரு நோயாளிகளைப் பற்றி மட்டும் எழுதும் அறிக்கையை, மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. 1961 டிசம்பரில் ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் லான்செட்டுக்கு எழுதியது சில வரிக் கடிதம்தான். தாலிடோமைடு என்ற மருந்தைச் சாப்பிட்ட தாய்மாருக்குக் கை கால் குறைபாட்டோடு குழந்தைகள் பிறப்பதைக் கவனிக்கவைத்தவற்றில் அதுவும் ஒன்று. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழில் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களைப் பற்றி ஒரு குறிப்பு வந்தது. பின்னால் எய்ட்ஸ் என்று பெயர் வைக்கப்பட்ட நோய் மருத்துவ இதழ்களுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

இவை நின்றது அரிதானவை என்பதால் இல்லை. படித்த டாக்டர் அடுத்த நாளே வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டியிருந்தது, அதனால். நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த குழிவிரியனின் கடியால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று, பாம்பைச் சரியாக அடையாளம் கண்டு, 2007-ல் கேரளத்திலிருந்து எழுதினார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகள்தான். அதுவரை அந்தப் பாம்பைச் சுருட்டை விரியன் என்று தவறாக நினைப்பது சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது. நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து (ஏ.எஸ்.வி.) நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டும். அந்த அறிக்கையைப் படித்த டாக்டர் ஏ.எஸ்.வி. பாட்டில்களை அடுக்கிக்கொண்டே போகமாட்டார், சிறுநீரகத்தைக் கவனிப்பார்.

ஆகவே கேஸ் ரிப்போர்ட் எழுத நினைப்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். இதைப் படித்துவிட்டு ஒரு டாக்டர் தன் அடுத்த நோயாளிக்கு வேறு ஏதாவது செய்வாரா? செய்வார் என்றால் உடனே எழுதுங்கள். இல்லை, பார்க்கவே அதிசயமாக இருக்கிறது என்பது மட்டும்தான் காரணம் என்றால், மாதாந்திரக் கூட்டத்தில் காட்டிவிட்டு விட்டுவிடலாம்.

உழைப்பு என்று பார்த்தால் இருப்பதிலேயே இதுதான் குறைவு. ஒரு மாதத்து மாலை நேரங்கள் போதும். கேஸ் ரிப்போர்ட் எழுதுவதற்கென்று 2013-ல் வெளியான கேர் வழிகாட்டியின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் எதுவும் விட்டுப்போகாது. ஆனால் நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் கட்டாயம் வேண்டும். அவர் இறந்துவிட்டிருந்தால் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். கண்மேல் கறுப்புப் பட்டை போட்டால் ஆளை அடையாளம் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு அது போதாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சம்மதத்தை நோயாளி வார்டில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஊரைத் தேடிப் போவது கஷ்டம், அவர் மனநிலையும் மாறியிருக்கும்.

பணம் இன்னொரு சிக்கல். பெரிய இதழ்கள் பல தனி நோயாளி அறிக்கையை வாங்குவதில்லை. வாங்கும் இதழ்களில் கட்டணம் உண்டு. 2008-ல் தொடங்கிய பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுத, எழுதுபவருக்கோ அவர் நிறுவனத்துக்கோ சந்தா இருக்க வேண்டும். பதவி உயர்வுக்காக எழுதுகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கான 2020 அறிவிப்பில் மூல ஆய்வு, முறைசார் மீளாய்வு, மெட்டா அனாலிசிஸ், கேஸ் சீரிஸ் (ஒரே மாதிரியான பல நோயாளிகளின் தொகுப்பு) ஆகியவற்றைத்தான் கணக்கில் எடுப்பதாகச் சொன்னார்கள். தனி கேஸ் ரிப்போர்ட் அதில் இல்லை. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, விண்ணப்பிக்கும் சமயத்தில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே மாதிரி ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டால் அதைக் கேஸ் சீரிஸ் ஆக்குவது எப்போதும் மேல். ஒடுவந்தழை விஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பார்க்கும் டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைச் சேர்த்து எழுதியதால்தான், பொட்டாசியம் குறைவதும் ரத்தத்தில் அமிலம் கூடுவதும் இதயத்துடிப்பு தாறுமாறாவதும் இன்று நம் கைக்குப் பாடமாகக் கிடைத்திருக்கின்றன. அந்தச் செடி வளராத ஊர்க்காரர்கள் யாரும் நமக்காக இதை எழுதித் தரப்போவதில்லை.

பழைய கேஸ் ஷீட்டுகள்

கேஸ் ரிப்போர்ட்டுக்கு அடுத்து எல்லோர் மனதிலும் வருவது இதுதான். ஐந்து வருடக் கேஸ் ஷீட் ரெக்கார்டு ரூமில் தூங்குகிறது, எடுத்து எக்செல்லில் ஏற்றினால் கட்டுரை ரெடி என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எங்கள் ரெக்கார்டு ரூமில் கேஸ் ஷீட்டுகளை மாத வாரியாகச் சணல் கயிற்றால் கட்டி அடுக்கியிருப்பார்கள். கீழ்த்தட்டில் இருப்பவை ஒரு மழைக்காலத்தில் நனைந்து ஒட்டிக்கொண்டவை. முதல் கட்டைப் பிரித்து நான் தேடியது ஆறு விவரங்கள்: கடித்த நேரம், ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம், ரத்தம் உறைதல் சோதனை, ஏ.எஸ்.வி. எத்தனை பாட்டில், சிறுநீர் அளவு, கடைசியில் என்ன ஆனது. கடித்த நேரம் என்ற இடத்தில் 'நேற்று இரவு' என்று இருந்தது. இன்னொன்றில் 'தோட்டத்தில்' என்று இருந்தது. இடத்தைக் கேட்டு நேரத்துக்கான கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். உறைதல் சோதனைக்கு நேரே 'கூடுதல்' என்று ஒரே சொல். எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், எத்தனை நிமிடம் பார்த்தார்கள், எதுவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் 'உயர் சிகிச்சைக்கு ரெஃபர்'.

அந்தக் கடைசி வரியில்தான் ஆபத்து இருக்கிறது. மூச்சுத் திணறியவர்களும் சிறுநீர் நின்றுபோனவர்களும் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இறந்தவர்களின் தாள்கள் போலீஸ் வழக்கு சம்பந்தப்பட்டவை என்பதால் வேறு அலமாரியில் இருந்தன. மீதி கட்டுக்குள் இருந்தவர்கள் பிழைத்தவர்கள். அவர்களை வைத்து இறப்பு விகிதம் கணக்குப் போட்டிருந்தால் எங்கள் சிகிச்சை பிரமாதம் என்று வந்திருக்கும். அது உண்மையாக இருந்திருக்காது. கேஸ் ஷீட்டில் விவரம் விட்டுப்போவது தற்செயலாக நடப்பதில்லை. யாருக்கு உடம்பு ரொம்ப மோசமோ அவருக்குத்தான் எழுத யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

அப்படியானால் பழைய கேஸ் ஷீட்டே வேண்டாமா? வேண்டும், சில கேள்விகளுக்கு. எந்த மாதங்களில் பாம்புக்கடி கூடுகிறது, எந்த ஒன்றியங்களிலிருந்து வருகிறார்கள், எத்தனை பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது ஆகியவை பதிவேட்டில் நேரடியாக விழும் விஷயங்கள், நம்பலாம். லேப் மெஷினிலிருந்து நேரே வரும் எண்களும் அப்படித்தான். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் சேர்த்தது. அதற்குப் பிந்தைய எண்ணிக்கைகளாவது முன்பைவிட முழுமையாக வரும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் 'எந்தச் சிகிச்சை நல்லது', 'தாமதம் எவ்வளவு பாதிக்கிறது' போன்ற கேள்விகளைப் பழைய கட்டுகளிடம் கேட்காதீர்கள்.

இறங்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். முறைப்படி அனுமதி வாங்கி, எந்த வரிசையும் பார்க்காமல் இருபது கேஸ் ஷீட் எடுங்கள். உங்கள் கேள்விக்குத் தேவையான விவரங்களை ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றும் எத்தனை ஷீட்டில் இருக்கிறது என்று டிக் போடுங்கள். முக்கியமான விவரம் ஐந்தாறு ஷீட்டில் இல்லை என்றாலே கேள்வியை மாற்றிக்கொள்வது நல்லது. ஒரு மதிய வேலை இது. ஆறு மாதம் வீணாவதைத் தடுக்கும்.

அனுமதி விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளில், ஆய்வு அறநெறிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் பரிசீலனை மூன்று வகை: விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுப் பரிசீலனை. அடையாளம் நீக்கிய பழைய பதிவுகளுக்கு நோயாளியின் சம்மதத்தைத் தள்ளுபடி செய்ய கமிட்டிக்கு இடம் உண்டு. ஆனால் முடிவு செய்ய வேண்டியது கமிட்டி, நாம் இல்லை. எழுதி முடித்துவிட்டு அனுமதிக் கடிதம் தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பின்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது. உங்கள் ஆஸ்பத்திரியில் கமிட்டி இல்லையென்றால், கமிட்டி உள்ள வேறொரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள அதே நெறிமுறைகளில் வழி இருக்கிறது.

ஆடிட்

ஆடிட் என்றால் கணக்குத் தணிக்கை நினைவுக்கு வந்து பலருக்கு அலுப்பு வருகிறது. எனக்கு இது பிடித்த வழி, ஏனென்றால் கட்டுரை வராவிட்டாலும் நோயாளிக்கு நன்மை வந்துவிடும்.

உறைதல் சோதனையையே எடுத்துக்கொள்வோம். சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடி டெஸ்ட் டியூபில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் டியூபிலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய டியூபிலோ எடுத்தால் விஷம் ஏறாதவரின் ரத்தமும் உறையாமல் நிற்கலாம். ஒருநாள் கேஷுவால்டியில் டியூப் வைக்கும் தட்டை எடுத்துப் பார்த்தேன். பாதி பிளாஸ்டிக். மீதி கண்ணாடி, ஆனால் அடியில் வெள்ளையாகச் சோப்புப் படலம். எத்தனை பேருக்குத் தேவையில்லாமல் ஏ.எஸ்.வி. ஏற்றியிருப்போம் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆடிட் இங்கேதான் தொடங்கும். வழிகாட்டி சொல்வது என்ன, நாம் செய்வது என்ன என்று மூன்று மாதம் அளக்க வேண்டும். பிறகு ஒன்றை மாற்ற வேண்டும். புதிய கண்ணாடி டியூப் பெட்டி ஒன்று, பக்கத்தில் ஒரு டைமர், சுவரில் நான்கு வரி. அப்புறம் மறுபடி மூன்று மாதம் அளக்க வேண்டும். செலவு சில நூறு ரூபாய். இந்த வகைக் கட்டுரைகளுக்கு ஸ்கொயர் என்ற வழிகாட்டி இருக்கிறது, அதன் இரண்டாம் பதிப்பு 2015-ல் வந்தது. மருத்துவத் தர மேம்பாட்டுக்கென்றே இதழ்களும் இருக்கின்றன.

குறையும் உண்டு. உங்கள் ஆஸ்பத்திரிக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது என்று இதழ்கள் சொல்லும். முன்னும் பின்னும் அளந்ததில் வந்த மாற்றத்துக்கு வேறு காரணம் இருக்கலாம்: பருவம் மாறியிருக்கும், புதிய ஹவுஸ் சர்ஜன் பேட்ச் வந்திருக்கும். எத்திக்ஸ் அனுமதி தேவையா இல்லையா என்பதிலும் குழப்பம் வரும். வெளியிடும் எண்ணம் துளி இருந்தாலும் தொடங்கும் முன்பே கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதி, அவர்கள் பதிலை வாங்கி வைத்துவிடுங்கள்.

இன்றிலிருந்து எழுதும் பதிவேடு

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்திவைக்கும் ஒரே ஒரு தாள், பன்னிரண்டு கேள்வி. இன்ன தேதியிலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளிக்கும், ஒருவரையும் விடாமல்.

தாளை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் முதல் தாளில் 'கடித்த நேரம்: ___ மணி' என்று போட்டிருந்தோம். பாதி காலியாகவே வந்தது. ஒரு நாள் நானே பக்கத்தில் நின்று கேட்டேன். வரப்பில் கடிபட்ட பெரியவர் அவர். "ஐயா, எத்தனை மணி இருக்கும்?" என்றதற்கு, "மணி யாரு பார்த்தா? கரன்ட் வந்து மோட்டார் போடப் போனேன்" என்றார். அந்த லைனில் மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வரும் என்று பக்கத்தில் இருந்த மகனுக்குத் தெரிந்திருந்தது. நேரம் கிடைத்துவிட்டது. அன்றே தாளை மாற்றினோம். 'கடித்தபோது என்ன செய்துகொண்டிருந்தார்?' என்பது முதல் கேள்வி. பதிலை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். அதற்குக் கீழே, அதிலிருந்து கணக்கிட்ட மணி. பழைய கேஸ் ஷீட்டில் எந்தக் காலத்திலும் கிடைக்காத விவரம் இப்படித்தான் கைக்கு வந்தது.

ரெஃபர் ஆனவர்களுக்கும் இதில் வழி உண்டு. தாளில் இரண்டு போன் நம்பர் வாங்குகிறோம். ஒன்று நோயாளியுடையது, ஒன்று கூட வந்தவருடையது. பதினைந்தாம் நாள் ஒரு போன், மூன்றாம் மாதம் ஒரு போன். கால் வீக்கம் வடிந்ததா, வேலைக்குப் போகிறாரா, எவ்வளவு செலவானது என்று கேட்கிறோம். கடித்த காலை ஊன்ற முடியாமல் நூறு நாள் வேலைக்கும் போகாமல் இருப்பவர்களை இந்தப் போனில்தான் நான் முதன்முதலில் அறிந்தேன். டிஸ்சார்ஜ் சீட்டில் அவர்கள் எல்லோரும் 'குணமடைந்தார்'.

சின்ன எண்ணிக்கையாக இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்குப் புள்ளியியலில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 60 பேருக்கு ஒரு மருந்து கொடுத்தீர்கள், ஒருவருக்கும் கடுமையான ஒவ்வாமை வரவில்லை. உடனே 'பாதுகாப்பானது' என்று எழுதக்கூடாது. 3-ஐ 60-ஆல் வகுத்தால் 5 சதவீதம். அதாவது உண்மையான ஆபத்து 5 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்றுதான் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும். 300 பேர் ஆனால் அது 1 சதவீதமாக இறங்கும். சின்ன எண்ணிக்கையில் தப்பு ஒன்றும் இல்லை. அது தாங்கும் அளவுக்கு மட்டும் பேச வேண்டும்.

பதிவேட்டின் குறை காலம். அனுமதி வாங்க இரண்டு மூன்று மாதம், நோயாளி சேர ஒன்றிரண்டு வருடம், எழுத ஆறு மாதம். இடையில் உங்களுக்கு மாற்றல் வந்தால் தாள் எழுதுவது நின்றுவிடும். ஆகவே இதைத் தனி ஆளாக ஆரம்பிக்காதீர்கள். இன்னொரு டாக்டரும், வார்டை விட்டு நகராத ஒரு சீனியர் சிஸ்டரும் கூட வேண்டும். இந்த வகைக் கட்டுரைகளை எழுதும் முறைக்கு 2007-ல் வந்த ஸ்ட்ரோப் பட்டியல் இருக்கிறது, 22 அம்சங்கள். எழுதும்போது பார்ப்பதைவிட, தாளைத் தயாரிக்கும்போதே அதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஒப்பீட்டுச் சோதனை

இதைப் பற்றி நம் ஊரில் பேசும்போது 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. காசநோயாளியைச் சானடோரியம் எனும் தனி மருத்துவமனையில்தான் வைக்க வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா? அன்றாடம் படுக்கை கிடைக்காமல் தவித்த டாக்டர்களின் கேள்வி அது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தவர்களும் அதே அளவு தேறினார்கள், வீட்டில் மற்றவர்களுக்கு ஆபத்து கூடவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி எளிமையானது, ஆனால் பின்னால் ஐ.சி.எம்.ஆர்., சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என்று நான்கு பேர் நின்றார்கள். தனி டாக்டர் ஒருவர் இன்று சோதனை நடத்த வேண்டுமென்றால் முழு எத்திக்ஸ் பரிசீலனை, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிவு, பாதிப்பு வந்தால் இழப்பீட்டு ஏற்பாடு எல்லாம் வேண்டும். பாவஸ்கர் அதைச் சின்ன ஊரில் இருந்தபடி செய்தார், உண்மை. முப்பது வருடம் அதே நோயைப் பார்த்த பிறகு செய்தார். மற்றவர்கள் பல மையங்கள் சேர்ந்து நடத்தும் சோதனையில் தங்கள் ஆஸ்பத்திரியை ஒரு மையமாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. அப்படிச் சேர்ப்பவர்கள் முதலில் கேட்பது 'வருடத்துக்கு எத்தனை நோயாளி?' என்பது. பதிவேடு வைத்திருப்பவரிடம் அதற்குப் பதில் இருக்கும்.

பி.ஜி. மாணவரோடு சேர்வது

பலர் யோசிக்காத வழி இது. உங்களிடம் நோயாளிகள் இருக்கிறார்கள், மருத்துவக் கல்லூரியில் தீசிஸ் தலைப்பு தேடும் மாணவர் இருக்கிறார், அங்கே எத்திக்ஸ் கமிட்டியும் புள்ளியியல் தெரிந்தவரும் உண்டு. 1980-களின் நடுவில் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் தன் மாணவி நிர்மலாவுக்குக் கொடுத்த தீசிஸ் தலைப்பு, தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று தேடுவது. அப்படி ஒன்று நம் ஊரில் இருக்காது என்று பலர் நம்பிய காலம். நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்த ரத்தத்தை 1986-ல் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் நடத்தும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைத் திட்டமும் இருக்கிறது. இரண்டு மாத வேலைக்கு ஏற்ற சின்னக் கேள்வி உங்களிடம் இருந்தால் ஒரு மாணவரை அதற்குத் தூண்டிவிடலாம். முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தீசிஸ் முடிந்த பிறகு கட்டுரையை யார் எழுதுவது, எத்தனை மாதத்துக்குள்? இதைப் பேசாததால் கல்லூரி நூலகங்களில் கறுப்பு அட்டைக்குள் முடங்கிக் கிடக்கும் நல்ல ஆய்வுகள் எத்தனையோ.

சரி, உங்களுக்கு எது?

ஒரு வருடத்துக்குள் வேறு ஊருக்குப் போகப்போகிறவர் பதிவேட்டில் இறங்க வேண்டாம். ஆடிட் செய்யுங்கள், ஆறு மாதத்தில் ஒரு சுற்று முடியும். சொந்த கிளினிக் வைத்திருப்பவருக்கு மாற்றல் கிடையாது, நோயாளியும் திரும்ப உங்களிடமே வருவார். பதிவேட்டுக்கு உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. பதவி உயர்வுக்குக் காலக்கெடு நெருங்கிவிட்டது என்றால், இருபது ஷீட் சோதனையில் தேறும் ஒரு கேள்வியைப் பழைய பதிவுகளிடம் கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் போடுகிறேன் என்று மெயில் அனுப்பும் இதழ்களிடம் மட்டும் போகாதீர்கள். நோயாளி தன் உடம்பைப் பற்றி நம்பிச் சொன்னதை, யாரும் படித்துச் சரிபார்க்காத இடத்தில் கொண்டுபோய்ப் போடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். இதழ் நம்பகமானதா என்று தெரியாவிட்டால், அது மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அல்லது யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களின் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் ஒருவருக்கு மெயில் எழுதியும் கேட்கலாம்.

கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதை முதல் தாள் எழுதும் அன்றே பேசிவிடுங்கள். இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வுத் திட்டத்திலோ தரவு சேகரிப்பிலோ ஆராய்ந்து பொருள் சொல்வதிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் பெயர். துறைத்தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது, அது தவறு. அதைவிடப் பெரிய தவறு, வேலை செய்தவரின் பெயரை விட்டுவிடுவது.

எங்கள் பாம்புக்கடித் தாள்களில் முக்கால்வாசி ஒரே கையெழுத்து, கேஷுவால்டி சிஸ்டருடையது. கட்டுரையின் வரைவை அவரிடம் கொடுத்து, "சிஸ்டர், படிச்சுப் பார்த்துத் தப்பு இருந்தா சொல்லுங்க" என்றேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டுக் கொண்டுவந்தார். 'ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம்' என்று நாங்கள் கணக்கிட்டது ஓ.பி. சீட்டில் அச்சாகும் நேரம். "சார், சீட்டு போடுற கவுன்டர்ல ராத்திரி ஒருத்தர்தான். கேட்ல இறங்கி சீட்டு வாங்குறதுக்குள்ள சிலருக்கு இருபது நிமிஷம்கூட ஆகுது. நீங்க அதை எண்ணவே இல்லை." அந்த இருபது நிமிடத்தைக் கட்டுரையின் குறைபாடுகள் பகுதியில் சேர்த்தோம். பாம்புக்கடிக்குச் சீட்டு பிறகு, நோயாளி முதலில் என்று கேஷுவால்டி வாசலில் எழுதி ஒட்டினோம். ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் மூன்றாவதாக வந்தது.